மஹ்றூபை இறக்காத ஆட்டம்

முத்தையன்கட்டு
18.9.1964

அன்புள்ள மகள் ஜெகதீஸ்வரிக்கு,

நீயும் மருமகனும் குழந்தையும் பதுளைக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டிக்கொண்டு ஐயா எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம், மனதுக்குத்தான் சுகமில்லை. குளத்தில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, மாரி தொடங்கினால்தான் உழவு. அண்ணன் ஏன் பதில் போடவில்லை என்று கேட்டிருந்தாய். யோகநாதன் இப்போது யாரோடும் பேசுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

உதைபந்தாட்டத்தில் வன்னி முழுவதும் அவனைப் போல் கோல் அடிக்க ஆளில்லை என்றிருந்தவன், வீங்கின முழங்காலோடு ஒரு ஆட்டத்துக்கு இறங்கி நொண்டியானது உனக்குத் தெரியும். பிறகு கழகத்துப் பெடியள் அவனையே பயிற்சியாளராக வைத்தார்கள். விசிலும் கையுமாக வெயிலில் நின்று, இந்த வருடம் அவர்களை முல்லைத்தீவில் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனான். அதற்கு முதல் நாள் மஹ்றூபுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தண்ணீரூற்றுக் கச்சு முகம்மதுவின் மகன், உன் கலியாணத்துக்குப் பந்தல் போட்ட பிள்ளை, அவனை நம்பித்தான் கழகமே இருந்தது. “நான் விளையாடுவன் அண்ணை, மறிக்காதேங்கோ” என்று அழுதானாம். “தோத்தாலும் பரவாயில்லை, உன்ரை கால் எனக்கு வேணும்” என்று அண்ணன் இறக்கவில்லை. தோற்றுத்தான் போனார்கள். திரும்பி வந்த லொறியில் ஒருத்தரும் அண்ணனோடு கதைக்கவில்லை. பிறகு கூட்டம் கூடி அவனை விலக்கினார்கள். கழகத் தலைவர் செல்வநாயகம், “நொண்டிக்கு எல்லாற்றை காலும் நொண்டியாத்தான் தெரியும்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். மஹ்றூபும் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேதான் இருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லாவிப் பெடியளோடு ஆட்டம். புதிதாக வந்த பயிற்சியாளர் வீக்கம் வற்றாத மஹ்றூபை இறக்கினார். அண்ணன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். இடைவேளைக்கு முன்னமே மஹ்றூப் விழுந்தான், எழும்பவில்லை. ஓட முடியாத காலோடு ஓடிப்போய் அவனை மடியில் கிடத்தியது அண்ணன்தான். ஆஸ்பத்திரியில், இனி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதே கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். மஹ்றூபின் தாய் பாத்தும்மா அண்ணனின் கையைப் பிடித்து, “நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம் தம்பி” என்று அழுதா. நேற்று செல்வநாயகம் வீட்டுக்கு வந்து, நீ செய்ததுதான் சரி, திரும்பி வா என்று கேட்டார். அண்ணன் கதிரையை விட்டு எழும்பவில்லை. “சரி எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லாதேங்கோ. நான் பிழையாப் போயிருந்தா அவன் நடந்து திரிவான்” என்று மட்டும் சொன்னான். செல்வநாயகம் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அம்மா வைத்த சோறு அப்படியே இருந்தது.

அவனுக்கு நீ ஒரு கடிதம் போடு பிள்ளை. ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே. கொஞ்ச நாள் அங்கே வந்து நிற்கச் சொல்லு, நீ கூப்பிட்டால் வருவான். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போட மறவாதே. அம்மன் உங்கள் மூவரையும் காத்தருளட்டும்.

உன் ஐயா,
இளையதம்பி