அனோஜா பாடப் போன பங்களா

டிக்கோயா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜூட்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, மாதா தயவில் நானும் அப்பாவும் தங்கச்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்த டோஹா வெயிலில் நீயும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே ஞாயிறு ராத்திரியிலிருந்து விடாத மழை, துவைத்த துணி அடுப்புக்கு மேலேதான் காய்கிறது, அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, மருந்து பூசச் சொன்னால் நாளைக்கு என்கிறார், உனக்கும் அந்தக் குணம்தான் வந்திருக்கிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன், நான் வாயைத் திறக்கும்போது உனக்கு டியூட்டி வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிரியந்தியின் வீட்டுக்காரர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்பி வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுக்கப் படித்து முடி, நடுவில் போன் எடுத்துச் சத்தம் போடாதே.

போன வாரம் நீ போட்ட சத்தத்துக்குத்தான் இந்தப் பதில். நாகலெட்சுமி கல்யாணம் முடித்துக் கண்டிக்குப் போனதில் ஜீவராஜின் பேண்டுக்குப் பாட ஆள் இல்லாமல் போய், கோயில் கொயரில் தங்கச்சி அனோஜா பாடியதைக் கேட்டுவிட்டு அவன் வீட்டுக்கே வந்து கேட்டான், அவளும் இரண்டு மாதமாகப் போய் வருகிறாள். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு நீ, அனோஜா இனிமே அந்த செட்டுக்குப் போகக் கூடாது, நான் சொல்றேன், அவ்வளவுதான் என்று வைத்துவிட்டாய். அப்பாவோ, அண்ணன்காரன் மூணு வருசம் அதுல கெடந்தவன், காரணம் இல்லாம சொல்ல மாட்டான் என்று உன் பக்கம் சாய்ந்துவிட்டார். அவள் அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. அண்ணனும் மூணு வருசம் வாசிச்சாரு, நீங்க ஒரு தடவயாச்சும் போய்ப் பாத்தீங்களாம்மா, என்னையாச்சும் வந்து பாருங்க, பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா அன்னைக்கே விட்டுடுறேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது, மகன். நீ ட்ரம்ஸ் வாசித்த காலத்தில் எத்தனை மணிக்கு வந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன், என்ன வாசித்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சரி, கண்ணால் கண்டுவிட்டு முடிவு சொல்வோம் என்று கிளம்பினேன்.

முதலில் சனிக்கிழமை அவர்கள் பழகுகிற இடத்துக்குப் போனேன், ஜீவராஜ் வீட்டுக்குப் பின்னால் அந்தத் தகரக் கொட்டில், உனக்குத் தெரியாததா. எனக்குத்தான் எல்லாம் புதுசு. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி வைத்திருக்கிறார்களே, முதலில் கோழி வியாபாரமும் பார்க்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வராமல் இருக்கவாம். அனோஜா பாடத் தொடங்கியதும் ஜீவராஜ் கீபோர்டில் ஒரு பொத்தானை இரண்டு தரம் அமுக்கினான், பாட்டு முழுக்க அவள் குரலுக்கு ஏறிவிட்டது. என் தொண்டைக்கு எத்தனை தரம் அமுக்கணும் என்று கேட்டேன், ஆன்ட்டிக்கு வேற மெஷின்தான் வாங்கணும் என்கிறான் படுபாவி. கிட்டார் வாசிக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேரும், அதுதான் யோகேஸ்வரனின் மகன்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கம்பியை முறுக்குகிறார்கள், நம் குளிருக்குக் கம்பி இளகிவிடுமா இறுகிவிடுமா, எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை, நீ எழுது. நாலு தடியர்கள் சேர்ந்துகொண்டு ஏழுகன்னி மெலடீஸ் என்று எவன் பேர் வைத்தான், அதையும் எழுது. இன்னொன்று, உன் இடத்தில் இப்போது வாசிக்கிற தர்ஷனிடம் அந்தப் பெரிய ட்ரம்முக்குள் என்ன அடைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டு எட்டிப் பார்த்தால், நான் கொழுந்து பறித்த காலத்தில் மழைக்குப் போர்த்திய என் கம்பளி! சத்தம் அடங்கி வரவேண்டுமென்று ஜூட்சன் அண்ணன்தான் கொண்டுவந்து வெச்சாரு என்கிறான். அந்தக் கம்பளிக்காக உன் அப்பாவைத் திருடன் என்று ஒரு வாரம் ஏசியிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தொரையின் மகளுக்கு இருபத்தோராவது பிறந்தநாள், பங்களாப் புல்தரையில் பகல் பார்ட்டி. சாமான்களைப் பட்டா லொறியில் ஏற்றி, பெட்டிகளுக்கு நடுவில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டுக்கொடுத்தார்கள், தலவாக்கலை வரும் வரை ஆடி ஆடி இடுப்பு விட்டுப்போனது, ஆனாலும் ஊர்வலம் போவது மாதிரி ஒரு குஷி. பங்களாவுக்கு முன் பாதை இருக்கிறது, எங்கள் லொறி யாரும் சொல்லாமலே பின் பாதையில் திரும்பியது. குசினிப் பக்கம் இறங்கினோம், பங்களாவில் சமையல் பார்க்கிற அப்பு நல்ல மனிதர், எட வாங்க வாங்க என்று சிங்களமும் தமிழுமாகக் கூப்பிட்டுப் பின் வராந்தாவில் எல்லோருக்கும் சோறு கொடுத்தார். கோழிக்கறி நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் வயதுக்குப் பங்களாவின் முன்பக்கத்தை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன், அத்தனை பூவும் அத்தனை ஜன்னலும், அதை யார் தினமும் துடைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பாட்டுத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் ஆடுகிறார்கள், சீட்டில் பாட்டு எழுதி அனுப்புகிறார்கள், ஜீவராஜ் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறான், அடுத்த நிமிஷம் அந்தப் பாட்டு வருகிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே நாலு பேரும் ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே இடத்தில் தொடங்குகிறார்கள், அது எப்படி மகன், மனதுக்குள் எண்ணுவீர்களா? தொரை கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் ஏதோ மெஷின் பழுது என்று போயிருந்தார், கேக் வெட்ட அவருக்காகத்தான் காத்திருந்தார்கள். மூன்று மணி போல் பனி இறங்கிவிட்டது, நான் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு டென்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அனோஜா மெதுவான ஒரு சிங்களப் பாட்டு எடுத்தாள். நம் வீட்டுப் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்தினார்கள்.

பாதிப் பாட்டில் ஜீப் வந்து நின்றது. தொரை அரைக் கால்சட்டையும் நீளச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு இறங்கினார். அவ்வளவுதான், முதலில் தர்ஷன் குச்சிகளை வைத்துவிட்டு எழுந்து நின்றான். ஸ்டூலில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் எழும்பினார்கள், பெரியவன் தொப்பியையும் கழற்றினான். ஜீவராஜ் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அது நம் தோட்டத்துத் தொரையும் இல்லை, இவர்கள் அவருக்கு வேலை செய்கிறவர்களும் இல்லை, ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான், ஒருவன் ஹட்டனில் போன் கடை வைத்திருக்கிறான். சிரிக்காதே, நானும் நின்றேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது, சால்வை தலையில் இல்லை, கையில் இருக்கிறது. அனோஜா மட்டும் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தாள், பின்னால் ஒரு சத்தமும் இல்லை, மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தனியாகப் பாடினாள். தொரையோ காதில் போனோடு யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே போய்விட்டார். எங்களை அவர் காணவே இல்லை! கொழும்புப் பிள்ளைகள் இதுவும் பாட்டில் ஒரு அழகு என்று நினைத்துக் கைதட்டினார்கள். கதவு சாத்திய பிறகுதான் தர்ஷன் அசடு வழிய உட்கார்ந்து குச்சியை எடுத்தான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், பாட்டு நல்லபடியாக முடிந்தது.

திரும்பி வரும்போது லொறியில் தர்ஷன்தான், பாக்காத மனுசனுக்கு சலாம் போட்டுட்டு வாறோம்டா என்று சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜீவராஜ் மட்டும் சிரிக்காமல், ஆன்ட்டி, இது எங்களுக்குப் புதுசு இல்ல, ஜூட்சன் இருந்தப்பவும் நடந்துச்சு என்றான். என்ன நடந்தது என்று நான் விடாமல் கேட்டேன், என் வாய் உனக்குத் தெரியும். ஒரு பங்களாக் கல்யாணத்தில் இப்படித்தான் தொரை வர, நீ எழும்பிய வேகத்தில் ஸ்டூல் ஒரு பக்கம், ட்ரம்ஸோடு சேர்த்து அடிக்கிற அந்தப் பித்தளைத் தட்டு ஒரு பக்கம் உருண்டு படியில் விழுந்து, வந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். நீ அதற்குப் பிறகு பழகவே வரவில்லையாம். மூன்று மாதத்தில் டோஹாவுக்கு விசா. நான் ஏசியதால்தான் நீ பேண்டை விட்டாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டு, ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தேன், ஜூட்சன். தங்கச்சியைப் போகாதே என்று நீ சொன்னது ஊர் வாய்க்குப் பயந்து இல்லை என்று அந்த லொறியில்தான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதும் எனக்கு அதே நினைப்புதான். தர்ஷன் எங்கே இதைப் பழகினான், நீ எங்கே பழகினாய் என்று யோசித்தால் பதில் என்னிடமே இருக்கிறது. இப்போது சிறுவர் நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே, நம் பிள்ளை மடுவம், அதில் நான் ஆயாவாகச் சேர்ந்து இருபத்தெட்டு வருசம். உங்களை எல்லாம் பாலும் கஞ்சியும் கொடுத்து வளர்த்தது நான், ஜீப் சத்தம் கேட்டதும், தொரை வாறாங்க, எந்திரிங்க, கையக் கட்டுங்க என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பேச்சு வராத பிள்ளைகூட எழுந்து நிற்கும், அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோசம், என் மடுவம்தான் ஒழுங்கான மடுவம் என்று பேர். அனோஜாவும் அங்கே வளர்ந்தவள்தானே, நீ மட்டும் ஏன்டி நிறுத்தல என்று கேட்டேன். பாட்டு முடியலையேம்மா என்றாள். மழையில் நனைந்த தலையைத் துவட்டப் போய்விட்டாள்.

நேற்று திங்கட்கிழமை நம் தோட்டத்துச் சின்னத்தொரை மடுவத்தைப் பார்க்க வந்தார். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன், ஜீப் சத்தம் கேட்டதும் பதினொரு பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் சொல்வதற்காக. ஆறுது, குடிங்க என்று மட்டும் சொன்னேன். அவர் வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணினார், தண்ணீர் வருகிறதா என்று கேட்டார், போய்விட்டார். இடி விழவில்லை. அவர் போன பிறகுதான் பார்த்தேன், அரைக் கோப்பை கஞ்சியை நான் கீழே ஊற்றியிருக்கிறேன்.

இனி முடிவைச் சொல்கிறேன். அனோஜா பாடப் போவாள். ஒவ்வொரு தடவையும் என்னால் லொறியில் ஆடிக்கொண்டு போக முடியாது, ஆனால் இருட்டுவதற்கு முன்னால் கொண்டுவந்து விடுவது ஜீவராஜின் பொறுப்பு, சொல்லிவிட்டேன். அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், பாத்தவ நீ, நீயே எழுது என்றார், எழுதிவிட்டேன். அடுத்தது உன் விசயம். அங்கே கோயில் கொயருக்கு ட்ரம்ஸ் வாசிக்கக் கேட்டு நீ மாட்டேன் என்றாயாமே, பிரியந்தியின் வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்கு அந்தப் பித்தளைத் தட்டு விழுந்தது உன் குற்றம் இல்லை, மகன், நான் பழக்கியது. மூன்று வயதில் உன்னை எழுந்து நிற்கச் சொன்னவள் நான், மன்னித்துக்கொள். இப்போதும் நான்தான் சொல்கிறேன், எவர் உள்ளே வந்தாலும் சரி, நீ உட்கார்ந்து வாசி.

மாதா உன்னை மறைவாக வைத்துக் காப்பாற்றட்டும், போகும் வழி வரும் வழி எல்லாம் காவல் சம்மனசுகள் துணை நிற்கட்டும். வெயிலில் வேலை முடிந்த கையோடு ஐஸ் தண்ணீர் குடிக்காதே, அடுத்த மாதம் பத்தாம் தேதி அப்பாவின் பிறந்தநாள், மறக்காமல் அவரோடு பேசு, முழங்காலுக்கு மருந்து பூசச் சொல்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா
றோ. அந்தோனியம்மா