அக்காவின் காதுக்குப் போகாத கேள்வி

அக்கா,

நேற்று ஒரு வேலையாக நகரிக்குப் போயிருந்தேன். நீ முப்பது வருஷம் தறி ஓட்டிய தெருவில் இன்னும் சில பவர்லூம் கூடங்கள் ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில் சட்டைப்பையில் இருந்த போன் அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. உள்ளே இரண்டு பெண்கள், ஆளுக்கொரு தறியில் நின்றபடி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குரலே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. ஒருத்தி சொன்னதை மற்றவள் கண்ணால் பார்த்தே புரிந்துகொண்டு பதில் சொன்னாள்.

நீயும் எங்களோடு அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். கூடப் பிறந்த எனக்கு அது தெரியவில்லை.

முழங்கால் வலியால் தறியை விட்டுவிட்டு சித்தூரில் எங்கள் வீட்டுக்கு நீ வந்த புதிதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒன்று கேட்டால் வேறொன்று சொல்ல ஆரம்பித்தாய். குக்கர் விசில் மேல் விசில் அடிக்கும். நீ பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருப்பாய். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். எதிரில் வந்து நின்றால் மட்டும் பளிச்சென்று பதில் வரும். "அண்ணிக்கு மறதி வந்துடுச்சி" என்றாள் என் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார். தெலுங்கில் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். தெலுங்கு உனக்குத் தமிழ் மாதிரிதான். ஆனால் நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், சிரித்தாய். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டபோதும் அதே சிரிப்பு. வீட்டிலும் இப்படித்தான் சார் என்று நானே சொன்னேன். கேட்ட ஒவ்வொன்றுக்கும் நானே பதில் சொன்னேன். மறதி நோய் என்று எழுதி, மாத்திரையும் கொடுத்தார்.

அதன்பிறகு இரண்டு வருஷம். வாசல் கதவைப் பூட்டினோம். உன்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. என் போன் நம்பரை எழுதிய சீட்டை உன் ரவிக்கையில் ஊக்கு போட்டுக் குத்தினேன். நீ குனிந்து அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாய். பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துத்தான் எல்லாம் செய்தோம்.

மாத்திரையில் தள்ளாடி நீ குளியலறையில் விழுந்ததால்தான் திருப்பதிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதலில் காது டெஸ்ட் எடுத்துவரச் சொன்னார். காதுக்கு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உன்னை உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே நின்று பார்த்தேன். வெகுநேரம் உன் கை மடியிலேயே இருந்தது.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மறதி இருக்கா இல்லையான்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல நம்ம கேள்வி அவங்களுக்குக் கேட்கணும்."

காது மிஷின் வைத்து, ஒரு வாரம் பழகவிட்டு, அதே மாதிரி சோதனையை மறுபடி செய்தார். குடை, சாவி, மாம்பழம். நடுவில் வேறு ஏதேதோ பேசிவிட்டுக் கேட்டபோது மூன்றையும் வரிசையாகச் சொன்னாய். வயசுக்கு உண்டான சின்னச் சின்ன மறதிதான், அந்த நோய் இல்லை என்று சொல்லி, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தச் சொன்னார். காது கேட்கவில்லை என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று உன்னைத்தான் கேட்டேன்.

"அந்த டாக்டரு வாய மூடிக்கினு இருந்தாரு. கேள்வி கேக்கறாருன்னே எனக்குத் தெரியல. நீதான் எல்லாத்துக்கும் சொல்லிக்கினு இருந்தியேடா."

கோபமே இல்லாமல் சொன்னாய்.

திரும்பி வரும்போது வழியில் டீக்கு நிறுத்தினோம். பஸ் ஹாரன் அடித்ததும் திடுக்கிட்டு, உடனே சிரித்துவிட்டாய். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, என் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது உன்னை ஒரு வார்த்தைகூட ஏன் கேட்கவில்லை என்றாய். நகரியில் நீ தூக்கி வளர்த்த பெண். நீ மறந்துவிடுவாய் என்று நினைத்தோம் என்றேன்.

"மறந்தா மறந்துட்டுப் போறேன். கேட்டிருக்கலாம் இல்ல?"

என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

அதற்குப்பின் ஏழு மாதம்தான் இருந்தாய். காலையில் மிஷினை மாட்டிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போவாய். கதவுக்குப் பூட்டு போடுவதை விட்டுவிட்டோம். ஒருநாள் மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

போன வாரம் என்னோடு வேலை செய்கிறவர், மறதி என்று அவருடைய அப்பாவைக் குடிபாலாவிலிருந்து டாக்டரிடம் காட்டக் கூட்டி வந்திருந்தார். துணைக்கு நானும் போனேன். முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வாசலிலேயே சொன்னேன். உள்ளே டாக்டர் பேர் கேட்டார். பெரியவர் விழித்தார். மகன் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். பெரியவருக்குக் கேள்வி போய்ச் சேரும்வரை அந்தக் கையை விடவில்லை.