காலையில் மட்டும் வரும் புகை

திவோலி மேடு, சாந்தியாகோ
ஞாயிறு பிற்பகல்

என் அன்புள்ள எவெலியோவுக்கு,

உன் நெரெய்தா எழுதுவது. நான் நலம். இங்கே மழைக்கு மூட்டம் போட்டு வளைகுடா மங்கிக் கிடக்கிறது. மொந்தேவிதேயோவில் குளிர் எலும்பு வரை இறங்குவதாக எழுதியிருந்தாய். உணவகத்தில் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வெளியே போகாதே. இரண்டு காலுறை போட்டுக்கொண்டு தூங்கு.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன், நீ முதலில் அதைத்தான் தேடுவாய். "இன்ஜின் போச்சுன்னா வண்டியை வித்துட்டு நீ இங்க வந்துடு. நல்லா இருந்தா நான் அங்க வந்துடறேன், பழையபடி டாக்சி ஓட்டிப் பொழைச்சுக்கலாம்" என்று போன கடிதத்தில் எழுதினாய். நம் இருவர் வாழ்க்கையையும் உன் அப்பா காலத்துப் பச்சை வண்டியின் தலையில் கட்டிவிட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாளிலிருந்து புகையைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் பின்னாலிருந்து நீலமாகக் கிளம்பும். கொடியில் காயும் துணிகளுக்குள் புகுந்து, அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கிக் கடல் பக்கம் போகும். அந்தக் கொஞ்ச நேரம் நம் தெரு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தெரியும். சேவல் கூவுவதுகூட எங்கோ தூரத்தில் கேட்கும். எரிந்த எண்ணெயின் அந்த வாடை உன் சட்டை வாடை. இன்ஜினை அணைக்காமல் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நிற்பேன். நீ குனிந்து டயரைத் தட்டிப் பார்ப்பது போல இருக்கும். எதிர்வீட்டு ஒதாலிஸ் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து, "அடியே, புகையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்காத, இருமல்தான் வரும்" என்பாள்.

மெக்கானிக் ரிகோபெர்த்தோ வந்து மோந்து பார்த்தார். "வெள்ளைன்னா தண்ணி, கறுப்புன்னா பெட்ரோல் அதிகம், நீலம்னா எண்ணெய் எரியுது. பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு தாயி. இந்த இன்ஜினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். ஒதாலிஸ் உடனே, "அப்ப நீயும் கிளம்பிடுவ. போ, போ, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ரிங் போயிருந்தால் ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போதும் புகைய வேண்டும் அல்லவா? நம் வண்டியின் புகையோ சந்தையைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. ரிகோபெர்த்தோவைப் பின் சீட்டில் திரும்பி உட்காரச் சொல்லி, மேட்டில் ஏற்றிக் காட்டினேன். பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார். துளிப் புகை இல்லை. "காலைல மட்டும் ஏண்டா படுத்துற?" என்று வண்டியையே கேட்டார்.

போன வாரம் பக்கத்து ஊரான கனேயில் என் தங்கை வீட்டில் தங்கினேன். வண்டி மாமரத்தடியில், சமதரையில் நின்றது. காலையில் எல்லோரும் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்தோம். நான் திரும்பிப் பார்த்தேன். புகையே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உன்னைக் காணவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகுதான் புரிந்தது. பேட்டரிக்கு உயிர் இல்லாததால் நாம் வண்டியை எப்போதும் மேட்டின் உச்சியில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துகிறோம். காலையில் பிரேக்கை விட்டால் உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். நம் மேட்டில் எல்லோரும் செய்வதுதான். அப்படித் தலைகுப்புற நிற்கையில் எண்ணெய் முன்பக்கம் தேங்கி, தளர்ந்துபோன வால்வு ரப்பர் வழியாக இரவெல்லாம் உள்ளே சொட்டுகிறது. காலையில் எரிவது அதுதான். இதைச் சொன்னதும் ரிகோபெர்த்தோ நெற்றியில் அடித்துக்கொண்டார். "ராத்திரி பூரா நாமளே அதைத் தலைகீழாத் தொங்க விட்டுட்டு, காலைல வாந்தி எடுக்குதுன்னு திட்டியிருக்கோமே!" என்றார். ரப்பர் கிடைத்ததும் மாற்றித் தருவாராம். ரிங்கில் ஒரு குறையும் இல்லையாம்.

இன்ஜின் நன்றாக இருக்கிறது, எவெலியோ. நீ இரண்டாம் முறை படிக்க வேண்டும் என்பதற்காக மறுபடியும் எழுதுகிறேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது.

ரப்பர் கிடைக்கும்வரை வண்டியைத் தெருக்கோடியில் சமதரையில் நிறுத்துகிறேன். அங்கே அது தானாக உருளாது. ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும், ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். இப்போதைக்கு ஒதாலிஸ்தான் இரவு உடையோடு ஓடிவந்து தள்ளுகிறாள். "எத்தனை நாளைக்குடி உன் புருஷன் வேலையை நான் பார்க்கிறது?" என்று திட்டிக்கொண்டேதான். அவளுக்கு என்ன பதில் சொல்ல?

கோப்ரே மாதா உன்னைக் குளிர் அண்டாமல் காத்து, வழியெல்லாம் துணை வரட்டும். வராமலிருக்க வேறு காரணம் எதையும் இனித் தேடாதே. நான் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் தள்ளத்தான் நீ இல்லை.

உன்,
நெரெய்தா