இச்சிமரத்துக்கு மேலே

என் பிரியத்துக்குரிய அண்ணா,

இன்று காலை மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். தேவாரத்துக்கு மேற்கே நம் பாறை வெயிலில் செக்கச்செவேலென்று நிற்கிறது. அடியிலிருந்து பாதி உயரத்தில் முளைத்திருக்கும் இச்சிமரம் வரை நேராக ஏறி, மேலே துருத்தி நிற்கும் பாறையை இடப்பக்கமாகச் சுற்றி, உச்சிவரை போகிற அந்த வெடிப்பு! விரல் மட்டும் நுழையும் இடம், முழங்கை வரை போகும் இடம் என்று நீ கைகாட்டிச் சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. என்ன அழகு அண்ணா! இச்சிமரம் வரை நாம் இரண்டு பேரும் ஏறினோம். அதற்கு மேல் இன்னும் யாரும் தொடவில்லை.

நீ போனதிலிருந்து ஊரே என்னைக் கட்டிப்போடப் பார்க்கிறது. நேற்று மாமா வந்து, "ஒருத்தன முழுங்குன மலைதான் அது. இனி அங்கன ஏறுற சோலியே வேண்டாம்" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. உன்மேல் லாரி மோதியது சின்னமனூர் ரோட்டில். பாறை உன்னை ஒருநாளும் சிராய்ப்புக்கு மேல் எதுவும் செய்ததில்லை.

"அப்ப நாளைலருந்து சின்னமனூருக்கு பஸ்ல போகாதீக மாமா" என்றேன். "வாயப் பாரு" என்று எழுந்து போய்விட்டார். போகட்டுமே.

அம்மா செய்ததைக் கேள். கருமாதிக்கு முன்னால் உன் துணிமணிகளை அலசியபோது, நாம் ஏறும் கயிற்றையும் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு வெளுத்துவிட்டாள். நீ அதை வெயிலில்கூடக் காயவிட மாட்டாயே! பளிச்சென்று சுருட்டி உன் அலமாரியில் வைத்திருக்கிறாள். சொன்னால் உடைந்துபோவாளோ என்று இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

இன்று சொல்லிவிட்டேன். "பிளீச்சிங் பட்ட கயிறு இனி ஆளைத் தாங்காதும்மா."

அலமாரியைத் திறந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அந்த வெடிப்புக்கு என்னமோ பேரு வச்சிருந்தான்ல?"

பாறை ஏறுகிறவர்கள் வழக்கப்படி, முதலில் உச்சியைத் தொடுகிறவர்தான் வழிக்குப் பெயர் வைக்க வேண்டும். நீதான் பொறுக்காமல் முன்னாலேயே வைத்துவிட்டாய். "அம்மா வகிடு" என்றேன்.

அவள் கை தலைக்குப் போனது. நடுவகிட்டை மெல்லத் தடவினாள். "அப்பப் புதுக் கயிறா வாங்குத்தா. பாதியில நிக்குறதுக்கா எம்புள்ள பேரு வச்சான்?"

தை பிறந்ததும் ஏறுகிறேன் அண்ணா. கீழே கயிறு பிடிக்க உன் சிநேகிதர்கள் வருகிறார்கள். வழிக்கு உன் பெயரை வைக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். உச்சியில் நின்று நீ வைத்த பெயரைத்தான் கத்துவேன். மாமா காதிலும் விழட்டும்.

மீதிப் பாதியை ஏறப்போகும்
உன் தங்கச்சி