ஒற்றைக் கைப் பேச்சு

ஜனவரி 12

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, வாய்தான் துருப்பிடிக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை அலமாரியில் வைத்துவிட்டுத் தங்கையிடம் முனகிக்கொண்டிருக்காதே.

போன வருடக் காய்ச்சல் உன் காதுகளைக் கொண்டுபோனது. இந்த வருடம் உன் தங்கை உன்னையே கொண்டுபோய்விட்டாள். கிளம்பும்போது சிலேட்டில் எழுதி வைத்தாயே, "கையால் பேசக் கற்றுக்கொள்ளுங்கள், அன்றைக்கு வருகிறேன்" என்று, அதை நான் இன்னும் அழிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

செய்தி என்னவென்றால், சேர்ந்துவிட்டேன். நூலகத்து மாடியில் சைகை மொழி வகுப்பு, வாரத்தில் இரண்டு மாலை. முதல் பாடத்தில் அம்மா, அப்பா, தண்ணீர், நன்றி. டீச்சருக்கும் காது கேட்காது. என் தோளில் தட்டிக் கொடுத்தார். பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து ஊரையே ஏற்றி இறக்குகிறவன், இந்த இரண்டு கைகளை வழிக்குக் கொண்டுவர முடியாதா? மழைக்காலம் வருவதற்குள் உன்னோடு கையாலேயே சண்டை போடுவேன், பார்.

இப்படிக்கு,
உன் ஒலிபெருக்கி

பிப்ரவரி 2

அன்புள்ள என்னங்க,

கடிதத்திலும் இப்படித்தான் கூப்பிட வருகிறது, என்ன செய்ய.

எனக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. விடுதிகளிலிருந்து வரும் விரிப்புகளைப் பிழிந்து, உலர்த்தி, மடிக்க வேண்டும். அங்கே என்னைப் போல் காது கேட்காத பெண்கள் நாலைந்து பேர், அவர்களிடம்தான் நானும் கையால் பேசப் பழகுகிறேன். நாள் முழுக்க வம்புதான். கையில் ஈரத்துணி இருந்தால் மட்டும் வாய் அடைத்த மாதிரி. அதனால் முக்கியமான வம்பு வந்தால் துணியைத் தரையில் போட்டுவிட்டுப் பேசுவோம். மேற்பார்வைக்காரி திட்டுவாள், யாருக்குக் கேட்கிறது? வாசல் மணியை யாராவது அழுத்தினால் எரிகிற மாதிரி, தங்கையும் எனக்காகக் கூடத்தில் ஒரு விளக்கு மாட்டியிருக்கிறாள்.

நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். காது போனதுகூடப் பழகிவிட்டது. நம் வீட்டுச் சிலேட்டில் "சாப்பாடு", "இன்று லேட்", "கேஸ் தீர்ந்தது" இவற்றைத் தவிர எதுவுமே எழுதப்படவில்லையே, அதுதான் பழகவில்லை. முன்பெல்லாம் வேலை விட்டு வந்ததும், எந்தப் பயணி என்ன கூத்தடித்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள். அதை யார் சிலேட்டில் எழுதுவார்கள்? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே தனியாக இருந்தேன். இங்கே தூரத்தில் இருந்துகொண்டு தனியாக இருக்கிறேன். இது பரவாயில்லை.

படிப்பை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் சண்டைக்காரி

மார்ச் 20

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒன்று பேசிக்கொண்டிருக்கட்டும் என்று பழுது பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

வகுப்பில் நாலாவது பாடத்தோடு கொஞ்சம் இடைவெளி விழுந்துவிட்டது. ஷிஃப்ட் மாறிவிட்டது. அதோடு, அடிப்படை சரியாக அமையாமல் மேலே போய் என்ன பயன் என்றும் தோன்றியது. புதுக் குழு ஆரம்பித்ததும் மறுபடி முதலிலிருந்து சேர்ந்தேன். முதல் பாடம் இப்போது எனக்குத் தலைகீழாகத் தெரியும். படம் போட்ட தடித்த புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். அது வீட்டுக்கு வந்துவிட்டால் வேகம் பிடித்துவிடும். கொஞ்சம் பொறு.

உன் ஒலிபெருக்கி

மார்ச் 29

அன்புள்ள என்னங்க,

என் காது கேட்காதுதான். அதற்காக அதில் பூச்சுற்றலாம் என்று யார் சொன்னது?

முதல் பாடத்தையே எத்தனை தடவை படிப்பீர்கள்? அம்மா, அப்பா, தண்ணீர், நன்றி. இதை வைத்துக்கொண்டு நம் இரண்டு பேருக்கும் என்ன பேச இருக்கிறது? நம் அம்மா அப்பாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தண்ணீரை நானே எடுத்துக் குடித்துக்கொள்வேன்.

நாலாவது பாடத்தில் என்ன நடந்தது? அதை எழுதுங்கள். கண்ணாடியெல்லாம் வேண்டாம்.

உங்கள் சண்டைக்காரி

ஏப்ரல் 16

அன்புள்ளவளுக்கு,

நாலாவது பாடத்தில் ஒவ்வொருவராக எழுந்து, அன்றைக்கு என்ன செய்தோம் என்று கையால் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஒரு தாய், தன் மகனுக்காகக் கற்றுக்கொள்கிறவள், விறுவிறுவென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் எழுந்தேன். இரண்டு கைகளும் அடுத்தவன் கைகள் போலத் தொங்கின. கடைசியில் "தண்ணீர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் நான் வாயைத் திறந்தால் நிலையமே மூட்டை முடிச்சைத் தூக்குமல்லவா? அங்கே ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாமல் நின்றேன். அதற்குப் பிறகு நாலாவது பாடம் வருகிற வாரமெல்லாம் எனக்கு ஷிஃப்ட் மாறிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இனிக் கேட்காது என்று மருத்துவர் எழுதிக் காட்டியபோது நீ தலையாட்டினாய். நான் ஆட்டவில்லை. தினமும் வேலை விட்டு வந்ததும், வாசலில் நின்று உன்னை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பேன், நீ திரும்புகிறாயா என்று. நான் கையால் பேசக் கற்றுக்கொண்டுவிட்டால், இனி நீ என் குரலைக் கேட்கப்போவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் பயப்படுகிறேன். உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள இந்தக் குரலைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது?

உன் ஒலிபெருக்கி

ஏப்ரல் 27

அன்புள்ள என்னங்க,

படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. பிறகு வேலைக்குப் போய்த் துணி மடித்தேன்.

நீங்கள் வாசலில் நின்று கூப்பிட்டது எனக்குத் தெரியும். அடுப்படி ஜன்னல் கண்ணாடியில் உங்கள் வாய் அசைவது தெரியும். திரும்பினால் காது வந்துவிட்டதென்று நம்பிவிடுவீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமல் நிற்பேன். உங்கள் குரல் எங்கேயும் போய்விடவில்லை, எனக்குள்ளேதான் இருக்கிறது. அதற்கு நீங்கள் காவல் இருக்க வேண்டாம்.

எனக்கு மட்டும் எடுத்த எடுப்பிலேயே வந்ததா? மேற்பார்வைக்காரிக்கு மூட்டுவலி என்று சொல்ல நினைத்து, குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் பேரன் பேத்தியே இருக்கிறார்கள். அந்த ஒரு தப்பால்தான் எல்லோரும் எனக்குச் சிநேகிதமானார்கள். நீங்கள் பாடத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு, நாளுக்கு ஒரு வம்பு சொல்லிப் பழகுங்கள். மைக் அறையில் சும்மா இருக்கும்போது, நான் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கையால் சொல்லுங்கள். தப்பாக வந்தால் வரட்டும்.

உங்கள் சண்டைக்காரி

ஜூன் 11

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

உனக்குப் பெரிய வம்பு ஒன்று வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடி மைக் அறையில் பழகிக்கொண்டிருந்தேன். வலது கை எப்போதும் மைக் விசையிலேயே இருந்து பழகிவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இடது கையால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மறு கைக்கு என்ன ஆச்சு?" என்று சைகையில் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் ஊர்ப் பேருந்து எந்த நடைமேடை என்று அடுத்துக் கேட்டார். ஆறு. ஆறு காட்ட ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் ஒன்றும் வேண்டும். நான் இடது கையில் ஐந்தைக் காட்டினேன். அந்த ஒன்று மைக் விசையிலேயே இருந்துவிட்டது.

அவர் நேராக ஐந்துக்குப் போய், புறப்படத் தயாராக நின்ற பேருந்தில் ஏறினார். நான் மைக்கில் கத்தினேன். "ஐயா, பச்சைச் சட்டைக்காரரே, இறங்குங்க, அது உங்க வண்டி இல்ல." நிலையமே திரும்பிப் பார்த்தது. எந்தெந்தப் பேருந்திலிருந்தோ பச்சைச் சட்டை போட்டவர்களெல்லாம் இறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் ஜன்னலோரம் இடம் பிடித்துச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குரல் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கேதான் நீயும் இருக்கிறாய்.

ஓடினேன். பேருந்துக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கி, "ஆறு, தப்பு, என் தப்பு" என்றேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "யோவ், சாக வேற வண்டி கிடைக்கலையா?" என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். அவர் வண்டி வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பாதி புரியவில்லை. உன்னைப் பற்றியும் சொன்னேன். சண்டைக்காரி என்பதற்குச் சைகை தெரியாமல் நடித்துக் காட்டினேன், உடனே புரிந்துகொண்டார்.

அந்த வாரமே நாலாவது பாடத்தில் எழுந்து நின்றேன். தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தேன். நம் வாசல் மணிக்கும் விளக்கு மாட்டியிருக்கிறேன். எப்போது வருகிறாய்?

உன் ஒலிபெருக்கி

ஜூலை 3

அன்புள்ள என்னங்க,

நீங்கள் எழுதியதிலேயே அழகான கடிதம் இது. சலவைக்கூடத்தில் அப்படியே கையால் சொல்லிக் காட்டினேன். பச்சைச் சட்டைக்காரர்கள் இறங்கிய இடத்தில் துணியெல்லாம் தரைக்கு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு ஒருத்தி கேட்டாள், "இதை அவர் உனக்கு நேர்ல சொல்லலையா?" நான் குனிந்து துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

கடிதத்தில் உங்களுக்குத் தடுமாற்றமே இல்லை. மைக்கைப் பிடித்த மாதிரியே இருக்கிறீர்கள். ஒரு கடிதம் நன்றாக அமைந்துவிட்டால் உங்களுக்கு ஒரு மாதம் தாங்குகிறது. எனக்கும் தாங்குகிறது, பொய் சொல்லவில்லை. தபால்காரரைத் தெருவிலேயே வழிமறிக்கிறவள் நான். ஆனால் இதுவும் உங்கள் முதல் பாடம் மாதிரிதான். நன்றாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம்.

அதனால் இது என் கடைசிக் கடிதம். நீங்கள் எழுதினாலும் பிரிக்க மாட்டேன். விளக்கு மாட்டியதற்காக வந்துவிடவும் மாட்டேன். இங்கே வந்து, என் எதிரே நின்று, பேருந்துக் கதையைக் கையால் சொல்லுங்கள். ஒரு பொழுது முழுக்க ஆனாலும் உட்கார்ந்திருப்பேன். எழுதிக் காட்டக் கூடாது. முடித்ததும் என் பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும். வராவிட்டால், நான் இல்லாமல் இருக்க உங்களுக்குப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

உங்கள் சண்டைக்காரி

ஆகஸ்ட் 19

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

இதை நீ பிரிக்கப்போவதில்லை. சொன்னால் சொன்னதுதான், உன்னைத் தெரியாதா? அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

உன் தெருவுக்கு இதற்கு முன்பே ஒரு தடவை வந்தேன். நீ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். எதிர்ச்சாரியில் நின்று, பழக்கதோஷத்தில் வாயால் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. பச்சை என்பதற்குச் சைகை மறந்துபோய்விட்டது, கதை சரியாக வராது என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்த பேருந்திலேயே திரும்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் நம் வாசல் மணியை நானே அழுத்தினேன். விளக்கு எரிந்தது. வந்து திறக்க யாருமில்லை.

இன்று உன் தெருமுனைக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பச்சை இன்னும் நினைவுக்கு வரவில்லை. வெறும் சட்டை என்று சொல்லிக்கொள்கிறேன். உன்னைப் பார்த்ததும் பாதிக் கதை மறந்துவிடும். கையில் கடிதம் இருந்தால் அதை நீட்டிவிட்டுத் தப்பித்துவிடுவேன். அதனால் இதை எதிரே இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, இரண்டு கையும் காலியாக வந்து மணியை அழுத்துகிறேன்.

உன்
என்னங்க