வாசகருக்கு ஒரு பதில்

சோஹோ, லண்டன்
நவம்பர் 2002

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

எங்கள் ஆபாசப் பத்திரிகையின் வாசகர் கடிதங்களை நானேதான் புனைகிறேன் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் நிஜமாகவே ஒன்று வந்தது. மனைவியை இழந்த ஒரு கிழவர், பேச ஆளில்லை, பதில் போடுங்கள் என்று கேட்டிருந்தார்.

"போடாத, க்ளெனிஸ்," என்றார் ஆசிரியர் டெஸ்மண்ட். "எல்லாரும் கம்ப்யூட்டர்ல ஓசியிலயே பாக்கறானுங்க. வெள்ளிக்கிழமையோட நாமளே பத்திரிகைய மூடறோம்."

ஆனாலும் மூன்று பக்கம் எழுதினேன். இங்கே பொய் கலக்காமல் நான் எழுதிய ஒரே கடிதம் அது. 'இறந்துவிட்டார்' என்ற குறிப்போடு இன்று திரும்பி வந்தது.

என் கம்பளிச் சட்டையை வியாழனுக்குள் கிடைக்கும்படி அனுப்பு. அதற்குப் பிறகு இந்த விலாசத்துக்கு எழுதாதே; நான் தங்கியிருக்கும் அறையும் அலுவலகத்துடையதுதான். வேறு இடம் கிடைக்கவில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் க்ளெனிஸ்