எலி இழுத்த ஒயர்

என்னங்க,

கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் உங்களுக்கு என்றைக்கு இருந்தது? இந்த ஒரு முறையாவது காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் பாட்டுப் பெட்டி, அந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், பாடுகிறது. இன்று காலையிலிருந்து, இரண்டு ஸ்பீக்கரிலும்.

நீங்கள் போன மறுமாதம் அதைப் போட்டுப் பார்த்தேன். ஊங்கென்று ஓர் இரைச்சல் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. உங்கள் தம்பி, "எதுக்குங்க அண்ணி இந்த பாரம்? செல்போன்லயே எல்லாப் பாட்டும் வருதே" என்றார். எனக்கோ அதை மூலையில் போட மனசு வரவில்லை. உங்களிடம் சொல்லாமலே விட்ட ஒன்று எனக்குள் கிடந்தது. வருஷத் திதிக்குள் அதைப் பாட வைத்து, அதன் எதிரில் உட்கார்ந்து உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

இப்போது சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்பு ஒரு முறை அது கருகியதே, அது என்னால்தான்.

அப்போது நான் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ். அழுகைச் சத்தம் காதிலேயே தங்கியிருக்க வீட்டுக்கு வருவேன். சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை முடிந்து நீங்கள் முன்பே வந்து, பெட்டியைப் போட்டிருப்பீர்கள். எனக்குத் தலை விண்விண்ணென்று தெறிக்கும். அணைக்கலாம் என்றால், "அடிக்கடி அணைச்சா வால்வோட ஆயுசு போயிடும்" என்று உத்தரவு. சத்தத்தைக் குறைக்கலாம் என்றால் குமிழில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பீர்கள். துளி நகர்ந்தாலும் உங்கள் முகம் சுண்டிவிடும். அதனால் நீங்கள் வாசலில் யாரோடாவது பேசப் போன நேரம் பார்த்து, பின்பக்கம் கையை விட்டு ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் பிடுங்கிவிடுவேன். வால்வும் எரியும், கோடும் நகராது, வீடும் அமைதி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

நீங்கள் வந்து குனிந்து பார்த்து, "எலி இழுத்துருச்சு போல, மாதம்மா" என்று சொல்லிக்கொண்டே மாட்டுவீர்கள். நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஒரு நாள் உங்கள் வாசல் பேச்சு நீண்டுவிட்டது. வீடெங்கும் கருகல் வாடை. ஓடிப்போய் ஒயரைத் திருகி வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல நின்றேன். நீங்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "அதுக்கும் வயசாச்சு" என்றீர்கள். உள்ளே இருந்த ட்ரான்ஸ்பார்மரைச் சேலத்தில் கொடுத்துப் புதிதாகச் சுற்றி வாங்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் சாயங்காலங்களில் காலி மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள்.

அது திரும்பி வந்த பிறகும் நான் பிடுங்கினேன். எனக்கு என்ன தெரியும்? பிறகொரு நாள் ஆலை நண்பர் ஒருவரிடம் நீங்கள், "ஸ்பீக்கர் இல்லாம மட்டும் இத ஓட்டவே கூடாதுங்க, ட்ரான்ஸ்பார்மர் கருகிப்புடும்" என்று சொன்னது காதில் விழுந்தது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். அதற்குப் பிறகு ஒயரைத் தொடவில்லை. கொஞ்ச நாள் கழித்து நீங்களாகவே, "இப்பல்லாம் எலித் தொல்லையே இல்ல" என்றீர்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எதற்குப் பயந்தேன்? நீங்கள் கத்துகிறவரா, கை நீட்டுகிறவரா? கடைசியில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சொல்லாமல் விட்டேனே, அதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

காரிமங்கலத்தில் முனிராஜ் என்று ஒருவர், மைக் செட்டெல்லாம் ரிப்பேர் செய்கிறவர், வால்வு வேலை தெரிந்தவர் என்றார்கள். பெட்டியைப் புடவையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். தூக்கி வைத்த கண்டக்டர், "என்னங்கம்மா, கிரைண்டருங்களா?" என்றார். "பாட்டுப் பெட்டிங்க" என்றேன். "அப்ப ஒரு பாட்டு போடுங்க" என்று சிரித்தார். பாலக்கோட்டிலிருந்து மடியில் வைத்தே கொண்டுபோனேன். பெங்களூரிலிருந்து நீங்களும் இப்படித்தானே கொண்டுவந்தீர்கள்?

முனிராஜ் பெட்டியின் அடிப்பக்கத் தகட்டைக் கழற்றினார். கண்டன்சரெல்லாம் ஊதிப்போயிருந்தன, இரண்டு வால்வு செத்திருந்தன. அவர் சொல்லச் சொல்ல என் கண் ட்ரான்ஸ்பார்மர் மேலேயே இருந்தது. "அது கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அது கல்லு மாதிரி இருக்குதுங்கம்மா. இங்க பாருங்க. ஒயரு மாட்டற எடத்துல, உள்பக்கமா ரெண்டு ரெசிஸ்டர் வெச்சு சால்டர் பண்ணியிருக்குது. கம்பெனி வெச்சதில்ல, பின்னாடி யாரோ வெச்சது."

"அது எதுக்குங்க?"

"வெளிய ஒயரு கழண்டு போனாலும் ட்ரான்ஸ்பார்மர் கருகாது. அதோட பாரத்த இது தாங்கிக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கம்மா, வூட்ல எலித் தொல்லைங்களா?"

சிரித்தேன். பாதிச் சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. முனிராஜ் பதறிப்போய்க் கடைப் பையனை டீ வாங்கி வரச் சொன்னார்.

ஆக, உங்களுக்குத் தெரியும். நான் இன்னும் பிடுங்குவேன் என்று தெரிந்தே, பிடுங்கினாலும் கெடாதபடி செய்து வைத்துவிட்டு, எலி எலி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபமாகவும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருப்பேனா? அல்லது நான் சொல்வேன் என்று நீங்களும் காத்திருந்தீர்களா?

பெங்களூரிலிருந்து வால்வு வந்து சேர இரண்டு மாதம் ஆனது. புதிதாகப் போட்டு முடித்ததும் முனிராஜ் முதலில் ஒரு குண்டு பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் பெட்டி நலம் என்றார். மங்கியது. "இந்த ரெசிஸ்டரும் பழசாயிடுச்சு, மாத்திடட்டுங்களா?" என்றார். "அத மட்டும் தொடாதீங்க" என்றேன்.

இன்று காலை, நீங்கள் ரெக்கார்ட் பிளேயர் தட்டில் விட்டுப்போன ரெக்கார்டையே போட்டேன். குமிழைப் பென்சில் கோடு வரைக்கும் வைத்தேன். இரண்டு பாட்டு கேட்டேன். பிறகு எழுந்துபோய், பின்பக்கம் கையை விட்டு, இரண்டு ஒயரையும் பிடுங்கினேன்.

வீடு அமைதியானது. வால்வுகள் எரிந்துகொண்டே இருந்தன. கருகல் வாடை இல்லை. வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன், யாரும் வரவில்லை. "எலி இழுத்துருச்சு போல" என்று நானே சொல்லிக்கொண்டு மாட்டினேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். தினமும் சாயங்காலம் அந்தக் கோடு வரைக்கும் வைத்துப் போடுவேன். தலை வலிக்கிற நாளில் பிடுங்கத்தான் செய்வேன், அதற்குத்தானே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஆனால் என் உயிர் இருக்கிற மட்டும், பிடுங்கியதை நானே திரும்ப மாட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, நம் வீட்டு எலி,
மாதம்மாள்